ஆறாகக் கிழித்த களவா மீன்

அன்றைக்குப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியில் இருந்தவர்கள்: எங்கள் தபால்தலைச் சங்கத்தின் தலைவர், பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். செயலாளர், ஐஸ் கடைக்காரர். படகு என்ஜின் பார்க்கும் மெக்கானிக். தோணிரேவிலிருந்து வரும் ஒரு பெரியவர். எனக்கு உறவு கிடையாது, ஊருக்கே மாமா. காட்டுப்பள்ளித் துறைமுக வாசலில் செக்யூரிட்டியாக நிற்கும் ஒருவன், எங்களில் வயதில் சின்னவன். பிறகு, தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் நான். படிக்கட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. அந்தக் கூட்டத்தில் தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தது அது ஒன்றுதான்.

கூட்டத்தைக் கூட்டச் சொன்னவள் நான். புதன்கிழமை என் தம்பி ஊருக்கு வருகிறான். வளைகுடாவில் மீன்பிடி படகில் வேலை. மூன்று வருடம் கழித்து இப்போதுதான் லீவு கொடுத்திருக்கிறார்கள். அவன் அனுப்பிய மீன் ஸ்டாம்பு எங்கள் ஆறு பேரிடம் ஆறு துண்டாகக் கிடக்கிறது. அதை ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒன்றாகச் சேர்த்து அவன் கண்ணில் காட்டிவிட வேண்டும். நான் கேட்க வந்தது அவ்வளவுதான். இதைச் சொல்வதற்கு என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது, யார் முகம் சுளிப்பார், யார் எழுந்து போவார் என்று நினைத்து நினைத்து இரண்டு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றித் தைத்துப் பிரித்தேன். இவர்களுக்காகவா பயந்தேன் என்று இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஸ்டாம்பு ஆறு துண்டான கதையைச் சொல்ல வேண்டுமென்றால் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தலைவர் ரிட்டையர் ஆன பிறகு பொன்னேரியில் ஏதோ ஒரு தபால்தலைக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே பேனர் அடித்தார். சீல் செய்தார். லெட்டர் பேடு அச்சடித்தார். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினார். எல்லாம் வந்த பிறகுதான் ஸ்டாம்பு ஒன்றுகூட இல்லை என்பது தெரிந்தது. எங்கள் ஊருக்குத் தபால் என்று வருவது பேங்க் நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும்தான். பத்திரிகையைக்கூட இப்போது போனில் அனுப்பிவிடுகிறார்கள். சங்கத்தில் ஒருவர்கூட யாருக்கும் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் மாதம் ஒரு முறை "தபால்தலையும் உலக அமைதியும்" என்று தலைவர் பேசுவார். பேசும்போதே செயலாளர் போனில் ஐஸ் ரேட்டு சொல்லிக்கொண்டிருப்பார்.

உறையிலிருந்து ஸ்டாம்பைப் பிரிக்கத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்று தலைவர் எங்கோ படித்திருந்தார். நல்ல தண்ணீர் கேன் காசு கொடுத்து வாங்குவது, அதை இதற்கு ஊற்ற யாருக்கும் மனசு வரவில்லை. கடலோடு சேரும் எங்கள் ஏரித் தண்ணீர் சும்மா கிடக்கிறதே என்று ஒரு பக்கெட் மொண்டு வந்தார்கள். ஊறவைத்து, பழைய வலையை விரித்து, வெயிலில் காயப் போட்டார்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு ஸ்டாம்பும் உப்புப் பூத்து, ஓரம் சுருண்டு, சென்னாக்குன்னிக் கருவாடு மாதிரி இருந்தது. "இது உப்புத் தண்ணிங்களே" என்று நான் சொன்னதற்குத் தலைவர், "உப்பு போட்டா எதுவும் கெடாதும்மா" என்றார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது?

துறைமுக ஆபீசுகள் தூக்கிப்போடும் உறைகளைச் செக்யூரிட்டி பொறுக்கிக்கொண்டு வருவான். தோணிரேவு மாமாவுக்குத் துறைமுகம் என்றால் ஆகாது. வலை போடும் இடத்தை எல்லாம் அதுதான் தின்றது என்பார். "அங்கேந்து வர்றது ஒரு துரும்பு எனக்கு வாணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் அவர் முறை வரும் வாரத்தில் மட்டும் அந்த உறைகளை மடியில் கட்டிக்கொண்டு போவார்.

முறை என்று சொன்னேன். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஏரியில் நல்ல இடம் கொஞ்சம்தான்; எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஏரிக்கு அது சரி, பாடு இல்லாவிட்டால் பாதிப் பேர் பட்டினி. ஆனால் இந்த மேதைகள் அதை அப்படியே ஸ்டாம்புக்கும் வைத்தார்கள். சங்கத்துக்கு என்ன வந்தாலும் பாடு முறைப்படிதான் பங்கு. விளைவு, ஒரு நாட்டு ஸ்டாம்பு வரிசையாக வந்தால் முதல் ஸ்டாம்பு மெக்கானிக்கிடம், இரண்டாவது செயலாளரிடம், மூன்றாவது மாமா மடியில். எவரிடமும் எதுவும் முழுதாக இல்லை. பாரபட்சமே இல்லாத சங்கம் என்று தலைவர் பேனரில் போட்டுக்கொண்டார்.

என்னைச் சேர்த்ததும் என் தம்பிக்காகத்தான். "உன் தம்பி வெளிநாட்டுல கீறான் இல்ல, சொல்லி அனுப்பச் சொல்லும்மா" என்று செயலாளர் வீட்டுக்கே வந்தார். மாட்டேன் என்றால் நாளைக்கு ஒரு அவசரத்துக்கு யார் வருவார்கள் என்று பயந்து தலையாட்டினேன்.

எங்கள் நைனாவுக்குக் கால் உடைந்த வருடம் நான் பள்ளிக்கூடம் நின்றேன். தம்பி அதற்கு முன்னாலேயே நின்று படகுக்குப் போய்விட்டிருந்தான். எழுத்து அவனுக்குக் கொஞ்சம் தடுமாறும், அதனால் எல்லாம் போனில் பேசித்தான் அனுப்புவான். வெள்ளிக்கிழமை ஒரு நாள் ஓய்வு. அன்றைக்குத் தூங்காமல், அந்த வெயிலில் போஸ்ட் ஆபீசுக்கு நடந்து, தெரியாத பாஷையில் கையைக் காட்டிக் கேட்டு, ஸ்டாம்பு வாங்கி அனுப்பினான். சங்கம் என்றால் பெரிய இடம் என்று நினைத்திருந்தான். பேனரின் போட்டோவை நான் அவனுக்கு அனுப்பியிருந்தேன்.

அந்த மீன் ஸ்டாம்பு வந்தபோது இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருந்தான். மேலே மூன்று, கீழே மூன்று, ஆறும் சேர்ந்து ஒரே படம். நீலக் கடலில் ஒரு பெரிய களவா மீன். இடது பக்கம் மேலே கண், கீழே வாய். நடுவில் மேலே முதுகுத் துடுப்பு, கீழே வயிறு. வலது பக்கம் கீழே வால். மேலே வெறும் கடல். கூடவே அவன் குரல் போனில் வந்தது: "க்கா, இங்க இத்த ஹமூர்னு சொல்றானுங்க, நம்ம களவாதான். நா டெய்லி தூக்கிப் போடற மீனு. ஆறும் சேந்தாத்தான் படம். கிழிக்க வாணாம்னு சங்கத்துல சொல்லிடு."

சொன்னேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள், செயலாளர்கூடப் போனைக் கீழே வைத்தார். அதுவே பெரிய விஷயம். பிறகு செயலாளர் கேட்டார், "இன்னிக்கு யாரு பாடு?"

"என்னுது" என்றான் மெக்கானிக்.

"அதெப்படி, இது ஒண்ணா ஆறா?"

தலைவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு துண்டிலும் விலை தனித்தனியாகப் போட்டிருக்கிறது, ஆகவே இது ஆறு ஸ்டாம்பு என்று தீர்ப்புச் சொன்னார். "கிழிக்க வாணாம்னு தம்பி சொல்லிக்கிறான்" என்றேன் மறுபடியும்.

"நடுவுல வரிசையா ஓட்டை போட்டுக்கிறான் பாரு" என்றான் மெக்கானிக். "கிழிக்கத்தான போட்டுக்கிறான்?"

"உன் தம்பி அனுப்பினான், சரி. சங்கத்துக்கு வந்தப்புறம் இன்னா உன் தம்பி என் தம்பி" என்றார் செயலாளர்.

டம்ளரில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். கிரீஸ் போகாத விரலால் மெக்கானிக்தான் கிழித்தான். கண் செக்யூரிட்டிக்கு. வாய் செயலாளருக்கு. துடுப்பு தலைவருக்கு. வயிறு மெக்கானிக்குக்கு. மாமாவுக்கு வால் விழுந்தது. "என் பாடு வந்தா ஏரிலயும் வாலு, இங்கியும் வாலு" என்று முணுமுணுத்தார். எனக்கு வெறும் கடல்.

தம்பி போனில், "பாத்துட்டு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டான். அசந்துபோனார்கள் என்றேன், அது பொய்யில்லை. அவன் மீதியைத் தானே கற்பனை செய்துகொண்டான். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள், ஊருக்குப் போய் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று படகில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவைத்துவிட்டான். மூன்று வருடத்தில் அவன் என்னிடம் வேறெதுவும் கேட்டதில்லை. அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்டதெல்லாம் நாங்கள்தான்.

இதைத்தான் அன்றைக்கு மாடியில் சொன்னேன். நான் நினைத்ததைவிடக் கேவலமாகப் போனது.

"என் துண்ட உன் கையில குடுத்தா, திரும்பி வர்றதுக்கு இன்னா கேரண்டி?" என்றார் செயலாளர்.

"ஒரு நாள்தாண்ணே. சாயங்காலமே குடுத்துடறேன்."

"குடுப்ப. ஆனா உன் தம்பி அத்த ஒட்டி வெச்சிட்டான்னா?"

மாமா சிரித்தார். "வால ஒட்டிக்கினு அவன் இன்னா நீந்தவா போறான்?"

"நீ சும்மா இரு மாமா. உனுக்கு வாலு, போனா போவுது. எனுக்கு வாயி."

தலைவர் விதிமுறையைப் புரட்டினார். அவரே எழுதிய விதிமுறை. கடன் கொடுப்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை. கடைசியில், உறுப்பினர்கள் அவரவர் துண்டை என் வீட்டுக்கு அவரவரே கொண்டுவந்து, அவரவர் கையாலேயே வைத்து, அவரவரே எடுத்துக்கொண்டு போவது என்று தீர்மானம் போட்டார். சீலும் வைத்தார். செக்யூரிட்டி மட்டும் போனைப் பார்த்தபடியே, "எனுக்கு டூட்டி கீது. பாக்கறேன்" என்றான். அவன் சொன்ன அந்த 'பாக்கறேன்' இரண்டு நாள் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை மதியம் தம்பி வந்தான். கறுத்துப் போயிருந்தான். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு. சோற்றைச் சாப்பிட்டு எழுவதற்குள் சங்கம் வந்துவிட்டது. துணி வெட்டும் மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தேன். டீ சிந்திவிடுமோ என்று டீயே போடவில்லை. ஃபேனை நிறுத்தினேன். ஸ்டாம்பு பறந்தால் அந்தப் பழியும் என் தலையில்தானே விழும்.

தலைவர் முதலில் ஒரு சால்வையை எடுத்துத் தம்பிக்குப் போர்த்தினார். அது போன வருடம் யாருக்கோ போர்த்தித் திரும்ப வாங்கியது என்பது அதன் மடிப்பிலேயே தெரிந்தது. "நமது சங்கத்தின் சர்வதேசத் தூதுவர்" என்று ஆரம்பித்து நிறுத்தாமல் பேசினார். தம்பி சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். கண்ணாடி போட்ட படம் எங்கே என்று தேடுகிறான் என்பது எனக்குப் புரிந்தது.

பிறகு ஒவ்வொருவராக எடுத்து வைத்தார்கள். தலைவரின் துடுப்பு ஆல்பத்தில் செல்லோ டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஆல்பத் தாளோடு சேர்த்து வெட்டிக்கொண்டு வந்திருந்தார். மெக்கானிக் போனின் பின்பக்க உறைக்குள்ளிருந்து வயிற்றை உருவினான், அதில் அவன் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது. செயலாளரின் வாய் ஐஸ் கடை ஈரத்தில் ஊறி ஒரு சுற்று பெருத்திருந்தது. மாமா வெற்றிலைப் பையை அவிழ்த்து வாலை எடுத்தார். ஒரு ஓரம் சுண்ணாம்பு. என் கடல் மட்டும் கசங்காமல் இருந்தது, வெறும் தண்ணீரை யார் கசக்கப் போகிறார்கள்.

வைத்தார்களே தவிர விடவில்லை. ஒவ்வொருவரும் தன் துண்டின் மேல் ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, மேஜையைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். ஐஸ் கடை, கிரீஸ், சுண்ணாம்பு எல்லா வாசனையும் என் வெள்ளைத் துணிக்கு மேலே. இடது மேல் மூலையில் கண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

தம்பி வெகுநேரம் பார்த்தான். "இன்னாத்துக்கு கிழிச்சாங்க?" என்று என்னைத்தான் கேட்டான்.

"பாடுப்பா" என்றார் மாமா. "ஏரில இருக்கறதுதான இங்கியும்."

அவன் ஏரியில் வளர்ந்தவன், வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மெதுவாகச் சொன்னான்: "நல்ல வேள, நா நூறு ரூவா நோட்டு அனுப்பல. ஆறு பேரு இன்னா பண்ணியிருப்பீங்க?"

மெக்கானிக் சிரித்துவிட்டான். தலைவர் சிரிக்கவில்லை. சிரித்தால் விரல் நகர்ந்துவிடும்.

"கண்ணு எங்கக்கா?" என்றான் தம்பி.

அப்போதுதான் வாசலில் பைக் நின்றது. செக்யூரிட்டி யூனிபார்மிலேயே வந்திருந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று என்னைக் கையால் கூப்பிட்டான்.

"டூட்டில பர்மிஷன் போட்டுட்டு வந்துகீறேன்க்கா. திரும்பத் திரும்ப இதுக்கு வர முடியாது. வெலைக்கு வாணா எடுத்துக்க. ஐந்நூறு."

"இதுக்கு ஐந்நூறாப்பா?"

"கண்ணுக்கா அது. உன் தண்ணிய வாணா அஞ்சு ரூவாக்கு நா எடுத்துக்கறேன்."

"சத்தமா பேசாத, தம்பி உள்ள கீறான்."

"கம்முனுதான் பேசறேன். பாட்ட விக்கலாம்னு ஏரிலயே கீது, சங்கத்துல மட்டும் இன்னா தப்பு?"

அவன் சொன்னதும் உண்மைதான், முறை வந்தவன் முடியாவிட்டால் இன்னொருவனுக்கு விட்டுக் காசு வாங்கிக்கொள்வது ஏரியில் உண்டு. இப்படிப்பட்ட நியாயங்கள் மட்டும் இவர்களுக்கு எப்படியோ சட்டென்று நினைவுக்கு வந்துவிடும். உள்ளே திரும்பிப் பார்த்தேன். நான்கு பேரும் குனிந்தபடியே இருந்தார்கள், இடுப்பு வலித்திருக்கும், ஒருவராவது விரலை எடுத்துவிட்டு வந்து அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எவரும் நகரவில்லை. தம்பி சால்வையோடு நின்று அந்தக் காலி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெஷின் டிராயரில் முந்நூறு இருந்தது. பொத்தானும் நூலும் வாங்க வைத்திருந்தது. அதை எடுத்து வந்து அவன் கையில் வைத்தேன். மீதி பிறகு என்றேன். அவன் தொப்பியைக் கழற்றி, உள்பக்கப் பட்டைக்குள்ளிருந்து கண்ணை எடுத்துக் கொடுத்தான்.

நானே கொண்டுபோய் மூலையில் வைத்தேன். மீன் முழுதானது. கிரீஸும் சுண்ணாம்பும் செல்லோ டேப்புமாக இருந்தாலும் பெரிய மீன்தான். கண் நேராக எங்களைப் பார்த்தது. தம்பி கிட்டே வந்தான். அவன் முகம் கொஞ்சம் இளகியதை நான் பார்த்தேன். அதற்காக ஐந்நூறு கொடுக்கலாம் என்று அந்த நிமிடம் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது, சொல்லத்தான் பிடிக்கவில்லை.

போனை எடுத்தான். "வெரல எடு மாமா, வாலு தெரியல."

"காத்து அடிக்குதுப்பா."

"ஃபேன் நின்னுகீது."

"கடல் காத்துப்பா."

ஒருவரும் எடுக்கவில்லை. தலைவர் மட்டும், போட்டோவில் முகமும் வர வேண்டும் என்று, விரலை அழுத்தியபடியே தலையைத் திருப்பிச் சிரித்தார். தம்பி கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு அப்படியே எடுத்தான். நான்கு விரல் அழுத்திப் பிடித்த ஒரு களவா, பக்கத்தில் ஒரு கிழவரின் பல்.

எடுத்து முடித்ததும் அவரவர் துண்டை அவரவர் பத்திரமாக எடுத்துக்கொண்டு, வெற்றிகரமான நிகழ்ச்சி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். தலைவர் சால்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேஜை மேல் ஒரு கண்ணும் கொஞ்சம் கடலும் மிச்சம்.

"இது ரெண்டும் நம்முளுதா?" என்று தம்பி கேட்டான்.

"நம்முளுதுதான்."

படகுத் தோழர்களுக்குப் படத்தை அனுப்பினான். அவர்களில் ஒருவன் உடனே, "மீன ஏன்டா எல்லாம் புடிச்சிக்கினு கீறாங்க, செத்துப்போன மீனுதான?" என்று பேசி அனுப்பியிருந்தான். தம்பி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச் சிரித்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தான். திரும்பிப் போகும்போது கண்ணையும் கடலையும் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டான். ஏர்போர்ட்டில் யாராவது இது என்ன என்று பிடித்துக்கொள்வார்களோ என்று, அவன் போய் இறங்கிப் பேசும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

சங்கத்துக்கு நான் இப்போது போவதில்லை. துறைமுக ஷிப்ட்டுக்குப் போகும் வழியில் செக்யூரிட்டி மட்டும் என் வாசலில் பைக்கை மெதுவாக்குவான். ஹார்னை ஒரு தரம் அழுத்துவான். நான் மெஷினை விட்டுத் தலையைத் தூக்குவதில்லை. அவனுக்கு இன்னும் இருநூறு ரூபாய் பாக்கி.